ரயிலே இல்லாத கதை

ஒரு விஞ்ஞானத் தொடர்கதைக்காக எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். வானத்துக்கு நாயை அனுப்பிவிட்டார்கள் என்று ஊரே வாய் பிளந்திருந்த காலம். விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்தில் வாத்தியாராக இருந்த சித்தப்பா சனிக்கிழமைதோறும் வாரப் பத்திரிகையோடு ரயிலில் வந்து இறங்குவார். தொடர் முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டையும் போட்டுவிட்டார். புத்தகம் வீடு வீடாகப் போனது.

கதை இதுதான். செவ்வாய் கிரகத்தில் ஒரு நகரம், அங்கே ஒரு மெஷின். அதன் பித்தானை அமுக்கினால் செத்துப்போனவர்களைப் பற்றிய நினைப்பு அடியோடு போய்விடும், துக்கமும் கூடவே போய்விடும். ராக்கெட் விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி பித்தான்மேல் விரலை வைக்கிறாள். அவ்வளவுதான், முற்றும். அமுக்கினாளா இல்லையா என்று எழுதியவர் சொல்லவேயில்லை!

கடைசியில் நாலு வெள்ளைத்தாளையும் சேர்த்துத் தைத்திருந்தார் சித்தப்பா. அமுக்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் எழுத வேண்டும். சோடாக்கடைக்காரர், 'அமுக்கலாம், மெஷின் என்ன விலை?' என்று எழுதினார். பக்கத்து வீட்டுத் தபால்காரரும் அமுக்கலாம் என்றார். எதிர்வீட்டு அக்கா அதற்குக் கீழேயே, 'இப்படி எழுதினவர் பெத்தவரா, பேயா?' என்று எழுத, அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நான் அமுக்கும் கட்சி. மெஷின் என்றால் எனக்கு உயிர். சித்தப்பா எதிர்க்கட்சி. எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்குப் பதினொன்று. அப்பா, கதை என்னவென்று கேட்டதுமே, எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். மிச்சம் அம்மா ஒருத்திதான். அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எதுவும் எழுதாமல் புத்தகத்தைப் பரணில் வைத்திருந்தாள்.

விடுவேனா? அம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"யம்மா, அமுக்கலாம்னு எழுதும்மா. நம்ம கட்சி கெலிச்சிடும்."

"போடி, வேலையப் பாத்துக்கினு."

அன்று வந்திருந்த சித்தப்பா காதில் இது விழுந்தது. "அண்ணிய தொந்தரவு பண்ணாத. சமமாவே இருக்கட்டும்," என்றார். தோற்றுவிடுவோம் என்று மனுஷனுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அம்மாவை நச்சரித்தேன். சாப்பிடமாட்டேன் என்றுகூட அடம்பிடித்தேன். கடைசியில் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கி, என் பென்சிலைப் பிடுங்கி, அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வந்ததும், எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். 'அமுக்கக் கூடாது. ரயில் வருவதற்குள் ஸ்டேஷனிலேயே, மடியிலேயே போய்விட்ட பிள்ளை. அந்தச் சூடு இன்னும் மடியில் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால் வேறு என்ன இருக்கிறது?'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயே, செவ்வாய் கிரகத்துல ஏது ரயிலு? ராக்கெட்டுதானே! யம்மா கதையே படிக்கல. இந்த ஓட்டு செல்லாது!"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஆமாண்டி, தப்பா எழுதிட்டேன்," என்றாள் அம்மா. என் கையில் ஒரு பிடி மல்லாட்டையைத் திணித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான் என்பதை, என் முதல் பிரசவத்தின்போதுதான் அப்பாவோடு பிறந்த அத்தை சொன்னாள். அவன் இருந்த காலத்தில் எங்கள் குடும்பம் திண்டிவனத்தில் இருந்ததாம். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்டேஷனில் காத்திருந்தார்களாம். ரயில் அன்று தாமதம். பாவி நான், அதைப்போய் செல்லாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். அம்மா ஓட்டைச் சேர்த்தால் சித்தப்பா கட்சி ஜெயித்துவிட்டது. ஜெயித்தவர் எதற்காகப் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.