கல்லுக்கு அந்தாண்ட

அந்த மாஜிஸ்திரேட்டின் பெயர் நினைவில்லை. ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலைப்பாகை. எதையும் எழுதுமுன் பேனா முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்லத் தேய்ப்பார். கடல் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து, பட்டணத்துக் கோர்ட்டே தண்ணீருக்குள் இருப்பதுபோல் தோன்றியது.

கூண்டில் என் மகன். திருவொற்றியூருக்குப் போகும் கரையில், பட்டணத்து எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், ஒருவனைத் துடுப்பால் அடித்ததாக வழக்கு.

சாட்சிக்கு வந்த மீன்காரர் சொன்னார்: "அடிச்சது இந்தப் புள்ள இல்ல சாமி. எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட குந்திகினு நான் பாத்தேன். அங்கதான் அடிச்சாங்க."

பேனா நகத்தில் தேய்ந்தது. விடுதலை என்று எண்ணிக் கூண்டருகே போனேன். ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்தார். கல்லுக்கு அப்பால் செங்கல்பட்டு ஜில்லா.

"ஐயா, ஜெயிலுக்கு அனுப்ப அதிகாரம் இருக்கு. வீட்டுக்கு அனுப்ப இல்லையா?" என்றேன்.

"அதிகாரம் இருக்கு. அந்த மண்ணு என் எல்லையில இல்லை. அங்க நடந்ததுக்கு, குத்தமில்லேன்னுகூட நான் சொல்ல முடியாது."

வழக்கு செங்கல்பட்டுக்குப் போனது; மறு மாதம் அந்த ஜில்லாக் கோர்ட்டில் மகனை விட்டுவிட்டார்கள். அங்கே தீர்ப்புச் சொன்னவரின் முகம் மறந்துவிட்டது. கனவில் வருவது இவர்தான். எழுதாத பேனாவை நகத்தில் தேய்த்தபடி, என் மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.