குரைக்காத செம்பாவைத் தேடிக் காஞ்சிபுரத்துக்கு

கடந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் காஞ்சிபுரம் போனது கோயில் பார்க்க அல்ல, புடவை எடுக்கவும் அல்ல. ஒரு நாயை அழைத்து வரப் போனேன்.

இந்த வலைப்பூவைப் பல காலமாகப் படிப்பவர்களுக்கு எங்கள் லீலாவைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். லீலா ஒரு பசென்ஜி. ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கத்துக் காடுகளில் மனிதர்களோடு வேட்டைக்குப் போய்ப் பழகிய, மிகப் பழமையான நாய் இனம். நம் பக்கத்தில் பார்ப்பது அபூர்வம். சுருட்டிய வால், எதற்கோ கவலைப்படுவது போல நெற்றியில் சுருக்கம், பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம். குரைக்காது. லீலா போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. அவளைப் பற்றிய பழைய பதிவின் அடியில் கோமதி என்பவர் எழுதியிருந்தார்: "எங்ககிட்டயும் இதே நாய் இருக்குது. வெச்சிக்க முடியல. நீங்க எடுத்துக்கறீங்களா?" பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். பெங்களூரில் கார் ஓட்டும் கொழுந்தனாரின் முதலாளி வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற நாய். பெயர் செம்பா. ஐந்து வயது.

வேலூரில் அதிகாலை நாலே முக்கால் பேருந்து. காஞ்சிபுரத்துக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். நேராகப் போயிருந்தால் ஏழு மணிக்கு முன்பே போய் நின்றிருப்பேன். விடிந்தும் விடியாமல் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதனால் வழியில் தாமலில் இறங்கிவிட்டேன். மணி ஆறு. (எல்லா வண்டியும் அங்கே நிற்காது, ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

தாமல் ஏரிக்கரையில் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். கரையில் நடந்த ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மிதந்து போவது போலிருந்தது. சூரியன் வந்ததும் பனி மெல்ல ரோஜா நிறமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்பா எங்கள் வீட்டில் எந்த ஜன்னலோரம் படுப்பாள் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

தாமலிலிருந்து இன்னொரு பேருந்தில் அரை மணி நேரம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள். நடந்தே போனேன், இருபத்தைந்து நிமிடம். பிள்ளையார்பாளையத்தை நடந்துதான் பார்க்க வேண்டும். சாயம் தோய்த்த பட்டு நூல் கற்றைகள் மூங்கில் கழிகளில் சொட்டிக்கொண்டிருந்தன. மயில் கழுத்து நிறத்துக்குப் பக்கத்தில் மாம்பழ நிறம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் தறிச் சத்தம் ஒவ்வொரு தாளத்தில் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அது காதில் விழாமல் உடம்புக்குள் போய்விடுகிறது.

கோமதிக்கு நாற்பது வயது இருக்கும். நடுக்கூடத்தில் குழித்தறி. அதில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த அவர் கணவர் குமரவேல் தலையை மட்டும் அசைத்தார். தறிக்குழிக்குள், அவர் காலடியில், செம்பு நிறத்தில் ஏதோ அசைந்தது. செம்பா சத்தமில்லாமல் ஏறி வந்து என் கையை மோந்தாள். பிறகு தொண்டையிலிருந்து பசென்ஜிக்கே உரிய அந்த ஒலி. பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது போன்ற ஒன்று. மூன்று வருடங்களுக்குப் பிறகு கேட்கிறேன்.

"நல்ல பொண்ணுதான்க்கா," என்றார் கோமதி. "மூணு மாசமாத்தான் இப்பிடி. உள்ளயே ஒண்ணுக்குப் போயிடுது. போன மாசம் தறியில ஏத்துன பாவு நூல் மேலயே போயிட்ச்சு. கல்யாணப் புடவைக்கா அது. எல்லாம் வீணாப் பூட்சி. இவுரு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல."

"தண்ணி நிறைய குடிக்கிறாளா?"

"குடிச்சிக்கினே இருக்குது. அதான் காலைல ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம்னு குறைச்சிட்டோம். அப்பவும் சாயப் பட்டறை வாசல்ல தேங்கின தண்ணியப் போய் நக்குது."

செம்பாவின் முதுகைத் தடவினேன். இடுப்பெலும்பு கையில் தட்டியது. தோலைக் கிள்ளி விட்டேன், உடனே இறங்கவில்லை; உடம்பில் நீர் வற்றியிருந்தது. தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டை ஒரு டப்பா வாங்கி வந்தேன். கோமதி ஒரு பழைய குழிக்கரண்டியோடு செம்பாவைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கரண்டியில் பிடித்து வந்த சிறுநீரில் பட்டையை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். நீலச் சதுரம் பச்சையாகி, இன்னும் இருண்டது.

"பாக்குக் கலருக்கா," என்றார் கோமதி. நிறம் பார்த்தே பழகிய கண். "அப்டின்னா?"

"சர்க்கரை போகுது. டாக்டரைப் பார்க்கணும். இப்பவே."

தறி நின்றது. "இட்டுக்கினு போ," என்றார் குமரவேல். அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை.

ஆட்டோக்காரர் செம்பாவைப் பார்த்துத் தயங்கினார். "கடிக்குமாம்மா?"

"கொரைக்கவே கொரைக்காதுபா," என்றார் கோமதி.

"கொரைக்காதா? அப்ப எதுக்கும்மா நாயி?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். நூறு ரூபாய்.

மருத்துவர் இளம்பெண். முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். அது சரியாகவே இருந்தது. "இந்த ப்ரீட புக்லதான் பார்த்திருக்கேன்," என்று ஒளிக்காமல் சொன்னார். சென்னையில் இருக்கும் தோழிக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு கோமதியிடம், "இது சக்கரை வியாதி இல்லம்மா. கிட்னி, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் வெளிய விடுது. இந்த இனத்துக்குப் பரம்பரையா வர்றது. ரத்தத்த சென்னைக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். மாத்திரை, உப்புச் சத்து எல்லாம் கணக்காக் கொடுத்தா நல்லாவே இருக்கும். ஆனா தண்ணியக் குறைக்கவே கூடாது. குறைச்சா உயிருக்கே ஆபத்து," என்றார்.

சலைன் ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. திரும்பும் வழியில் சர்வதீர்த்தக் குளக்கரையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் கோமதி. வெயிலில் குளம் அசையாமல் கிடந்தது. பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினார். செம்பா குடித்தாள், குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். கை காலியாகும்போதெல்லாம் கோமதி ஊற்றினார். கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

"வாய் பேசாததுக்கு நான் தண்ணி குடுக்காம வெச்சிருந்தேனேக்கா."

அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். "லீலாவுக்கு நாலு மாசம் தண்ணிப் பாத்திரத்த எடுத்து மேல வெச்சது நான்தான் கோமதி. சோபா கெட்டுப்போகுதுன்னு. அவ குழாய்ல சொட்டுற தண்ணிய நக்குவா. நான் அத வீடியோ எடுத்துச் சிரிச்சேன். டாக்டர்கிட்ட போனப்ப கிட்னி மொத்தமும் போயிருந்துச்சு."

கோமதி என்னையே பார்த்தார். ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செம்பாவ நான் அனுப்பலக்கா. கோச்சிக்காதீங்க," என்றார்.

வீட்டில் குமரவேல் எல்லாவற்றையும் கேட்டார். "தறிகிட்ட ஒரு அரைக்கதவு போட்டுட்றேன்," என்றார். பசென்ஜி மரமே ஏறும் என்றேன். "அப்ப முழுக் கதவு," என்றார். பெரிய கிண்ணம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி அவரே செம்பாவுக்கு முன்னால் வைத்தார்.

நாலரை மணிப் பேருந்தில் திரும்பினேன். வெறுங்கையோடு வந்ததில் வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். அந்த ஜன்னலோரத்தை இரண்டு நாள் பார்க்காமல் நடந்தேன். ஆனால் லீலா போனதிலிருந்து நெஞ்சில் கிடந்த ஒன்று குளக்கரையில் கொஞ்சம் நகர்ந்தது. பத்து நாளில் சென்னையிலிருந்து முடிவு வந்தது. மருத்துவர் சந்தேகப்பட்டதே சரி. இப்போது மாத்திரை நடக்கிறது. ஒன்றரை கிலோ எடை கூடியிருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது வெளியே அழைத்துப் போக வேண்டும். முறை வைத்துப் போகிறார்களாம்.

பிள்ளையார்பாளையம் போக நினைப்பவர்கள் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள். தறி வேலை நடக்கும்போது கேட்டுக்கொண்டு உள்ளே நுழையுங்கள், பட்டைத் தொடாதீர்கள்.

பசென்ஜி வளர்க்க நினைப்பவர்களுக்கு: வெளியே எப்போதும் கயிறு வேண்டும், அணிலைப் பார்த்தால் சாலையைப் பார்க்காது. சும்மா விட்டால் வீட்டைக் கடித்துத் தீர்க்கும், தினமும் ஓட வேண்டும். குளிப்பாட்டுவது மாதம் ஒரு முறை போதும். மூன்று வயதிலிருந்து மாதா மாதம் சிறுநீரில் சர்க்கரை பாருங்கள். அந்தப் பட்டை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

குழாயை நக்கும் லீலாவின் அந்த வீடியோவை இத்தனை நாளும் இந்த வலைப்பூவில் வைத்திருந்தேன். பலர் சிரித்துக் கருத்து எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நீக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: "இவளுக்குத் தாகம்."