இரண்டாவது ஸ்பூன் பாயசம்

இந்த ஆண்டு குடியரசு தினத்தன்று மதியம், சின்னக்கானல் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் கிளப் மைதானத்தில் இது நடந்தது. யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. அது ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். நான் மூணாறில் கல்லூரி முடித்து, இப்போது ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மலையாளத்தில் வரும் நோட்டீஸைத் தமிழில் படித்துச் சொல்வதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை அதிகம். இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கேயோ நடந்த ஒரு மதச் சண்டையின் வீடியோ எங்கள் தோட்டத்து வாட்ஸப் குழுவுக்குள் வந்துவிட்டது. அதை வைத்து நாலைந்து இளவட்டங்கள் வார்த்தை தடித்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் அளவுக்குப் போனார்கள். இங்கே கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே ரோட்டில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இப்படி எப்போதும் நடந்ததில்லை. அதனால் கிளப்பில் கூடிப் பேசி, குடியரசு தினத்துக்கு ஒரு மத நல்லிணக்க விழா வைப்பதென்று முடிவானது. தொகுத்துப் பேச ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பேச்சோடு நிற்காமல் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். மூன்று மதத்துப் பெண்கள் மூன்று பேர், ஒரே பாத்திரத்துப் பாயசத்தை மேடையில் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட வேண்டும். அது முடிந்த பிறகுதான் கூட்டத்துக்குப் பாயசம். எல்லோருக்கும் பிடித்துப் போனது. உள்ளூர் சேனலில் இருந்து கேமராவோடு வருவதாகவும் சொன்னார்கள்.

சர்ச் பாடற்குழுவில் பாடும் அக்கா ஒருவர், கோயிலுக்குப் பூக்கட்டும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஜங்ஷன் டீக்கடைக்காரரின் மருமகள். இந்த மூவரிடமும் முன்னாலேயே பேசி வைத்திருந்தேன். விழா தொடங்கும் நேரத்தில், டீக்கடை மருமகள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. மேடையில் பஞ்சாயத்து மெம்பர், பங்குத் தந்தை, இமாம், கோயில் கமிட்டித் தலைவர் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதறிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மாவோடு ஒரே தேயிலைக் காட்டில் இருபது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். முஸ்லிம். அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறையில் அவர் எனக்கு அத்தை. பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அன்று அத்தை நோன்பு வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது.

ரம்ஜானில் வைக்கும் நோன்பு இல்லை அது. ரம்ஜான் மாதத்தில் பெண்களுக்குத் தூரம், அதாவது மாதவிலக்கு, வரும் நாட்களில் நோன்பு கிடையாது. அப்படி விட்டுப்போன நாட்களை அடுத்த ரம்ஜான் வருவதற்குள் வேறு நாட்களில் வைத்துத் தீர்க்க வேண்டும். அத்தைக்குப் பாக்கி ஆறு. பனியிலும் குளிரிலும் கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டே ஐந்தை முடித்திருந்தார். அன்றைக்கு வைத்திருந்தது ஆறாவது. இதை ஆண்கள் காதில் விழும்படி யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஜனவரி மாதத்தில் ஒரு பெண் நோன்பு என்று சொன்னால், ஏன் என்று விவரம் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இதெல்லாம் எழுத்துக்கூட்டத் தெரியாத என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லவும் பார்த்தார்.

மைக்கில் அத்தையின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையசைத்தார். "அத்தைக்கு வெட்கம், கொஞ்சம் கை தட்டுங்க" என்றேன். கூட்டம் தட்டியது. அப்போதுதான் மைதானத்தின் ஓரத்தில் அம்மாவைப் பார்த்தேன். விறகுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். நைட்டியின் மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டர், தலையில் துண்டு, காலடியில் விறகுக்கட்டு. என்னைப் பார்த்து, வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது போலக் காட்டிவிட்டு, இல்லை இல்லை என்று ஆட்டினார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

இன்னும் சாப்பிடவில்லை, சாப்பாடு உண்டா என்று கேட்கிறார் என நினைத்தேன்.

இதை எழுதவே கை கூசுகிறது. மெம்பர் பார்க்கிறாரா, கேமரா அந்தப் பக்கம் திரும்புகிறதா என்றுதான் என் கண் போனது. இத்தனை பேருக்கு முன்னால் இந்தக் கோலத்தில் வந்து சோறு கேட்கிறாரே என்று உடம்பு குறுகியது. பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தை மேடை ஏறி என் பக்கத்தில் வந்தார். மைக்கைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு காதோரம் சொன்னார்.

"எனக்கு மட்டும் வேணாம்த்தா. நான் அவுகளுக்கு ஊட்டி விட்டுருதேன். அப்புறமாச் சொல்லுதேன், என்னன்னு."

நான் கேட்டிருக்கலாம். சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் என் மனதில் அந்தக் காட்சி ஏற்கனவே முடிந்து போயிருந்தது. மூன்று பேர், மூன்று ஸ்பூன், ஒரு படம். அது குறையக் கூடாது. மைக்கை அவர் கையிலிருந்து விலக்கி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "மேடைக்கு வர கால் வந்துடுது. ஒருத்தர் கையால் வாங்கிச் சாப்பிட மனசு வரமாட்டேங்குது. இந்த மனசை மாத்தத்தான் இந்த விழா!" அடுத்த மூச்சில் அதையே மலையாளத்திலும் சொன்னேன். இரண்டு மொழியிலும் தடுமாறாமல் வந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏன், எங்க கையால வாங்கித் தின்னா தொண்டையில இறங்காதோ?" என்றது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சட்டையைப் பிடித்தவர்களில் ஒருவர். அதற்கு இன்னொருவர், "நீ மூடுறா வாய" என்றபடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மேடையில் இமாம் தலை குனிந்துகொண்டார். ஸ்பூனோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

அத்தை அந்தக் குரல் வந்த பக்கத்தைப் பார்த்தார். எழுந்து நின்றவரைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஏன் தாயி முழிக்க? கொண்டா இங்க" என்று சொல்லி வாயைத் திறந்தார்.

கைதட்டல் அடங்க நேரமானது. எழுந்தவர் உட்கார்ந்தார். கேமராக்காரர் படம் சரியாக விழவில்லை போல, "ஒன்னுகூடி சேச்சி" என்று கூப்பிட்டார். நான்தான் ஸ்பூனை மறுபடி பாயசத்தில் தோய்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "இன்னொரு தடவை அத்தை, சிரிச்ச மாதிரி." அத்தை சிரித்தார். இரண்டாவது ஸ்பூனையும் விழுங்கினார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். என் விழா அவரை உருக்கிவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். நான் மெம்பர் பாராட்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா நிமிராமலே கேட்டார்.

"ஏட்டி, கை ஆட்டுனேனே, தெரியலையா ஒனக்கு?"

"சாப்பாடு கேக்கீகன்னு நெனச்சேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூடத் தேவலை. "என்னைக்குடி நான் நாலு பேருக்கு முன்னால சோறு கேட்டு நின்னுருக்கேன்?" என்றார். பிறகுதான் நோன்பு விஷயத்தைச் சொன்னார். அந்த ஐந்து நாளும் காட்டில் அத்தை கண்ணில் படாமல், ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துதான் அம்மா தன் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். அத்தை எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். இதற்கு யாரும் விழா எடுக்கவில்லை, மைக்கும் வைக்கவில்லை.

உடனே அத்தை வீட்டுக்கு ஓடினேன். வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு போனேன். முன்னால் போய் நின்றதும் அழுகைதான் வந்தது.

"ஒங்கம்மா சொல்லிட்டாளாக்கும்" என்றார். "நோன்பு போனாப் போவுது. நாளைக்கு ஒண்ணு வச்சுக்கிடுவேன். அல்லாவுக்குத் தெரியும், நான் எதுக்குத் தின்னேன்னு."

"நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன் அத்தை. மைக்குலயே கேக்கேன்."

"எத? எனக்கு எதுக்கு நோன்பு விட்டுப்போச்சுன்னு மைக்குல சொல்லப் போறியா?" அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். "மனசு வரலைன்னு சொன்னியே, அதான் சுருக்குன்னுச்சு. ஒன்ன எத்தன நாள் இந்தக் கையால ஊட்டியிருக்கேன். போ, பனி விழுது. ஊட்டுக்குப் போ."

போ என்றுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவர் சொல்லாதது நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போக ஜீப்புக்குக் காத்து நின்றேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தோளிலும் சோற்றுப்பை தொங்கியது. அத்தை தோளில் இல்லை. அம்மா அவரோடு பேசிக்கொண்டே ஏறினார். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு கிளப் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் காட்டும்போது, "மொதல்ல அந்தம்மா சாப்பிட மாட்டேன்னுருச்சு. இந்தப் புள்ளதான் பேசி மனச மாத்துச்சு" என்று என்னைக் கைகாட்டுகிறார்கள். இல்லை என்று மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பது என் விஷயம் இல்லை, அத்தையின் விஷயம். எந்த மொழியிலும் பேசத் தெரிந்த நான் அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் ஊமையாக நிற்கிறேன்.

இப்போது மாதக் கணக்கு ஆகிவிட்டது. அத்தை என்னோடு பேசுகிறார், ஃபாரம் இருந்தால் கொண்டுவந்து கொடுக்கிறார். முன்பெல்லாம் வந்தால் அடுப்படிவரை வருவார். இப்போது வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "பேரு போடாம எழுது. ஒன் பேரையும் போடாத, கண்டுபிடிச்சிருவாக" என்றார். அப்போதும் அவர் நினைத்தது என் மானத்தையும் சேர்த்துத்தான். அவர் மானத்தைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் மைக்கைப் பிடித்த நான், அதைத் திருப்பித் தர இன்னும் வழி தெரியாமல்தான் இருக்கிறேன்.