தம்பி அடக்கி வைத்த கை

என் தம்பி ஒரு நடத்தை நிபுணன். 'பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறான். வாங்கியவர் படித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். கேட்காமலேயே விளக்கமும் கிடைக்கும். பிள்ளை ஒரு காரியம் செய்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, செய்ததால் அதற்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டுமாம். காரணம் தெரிந்த பிறகுதான் அதை மாற்றப் புறப்பட வேண்டுமாம். நல்லதைச் செய்தால் பரிசு கொடு, மறுபடி செய்யும். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. அதை அவன் வாய் கிழியப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறான் என்பதுதான் என் எரிச்சல்.

பெண்டாட்டியிடமே சோதித்துப் பார்த்தவன். அவள் சட்டையைத் தேய்த்து வைத்தால் "வெரி குட்" என்று கை தட்டுவான். ஒருநாள் அவள் இஸ்திரிப் பெட்டியை அவன் கையில் திணித்து, "நீங்க தேய்ங்க, நான் தட்டறேன்" என்றாள். வீட்டு ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

என் மகளுக்கு ஆறு வயது. ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. ஒருநாள் திடீரென்று தன் வலது காதில் தானே அறைந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். தம்பியைக் கூப்பிட்டேன்.

வந்ததும் வராததுமாக, "நம்ம கவனத்த இழுக்கப் பாக்குறா அக்கா. யாரும் கண்டுக்காதீங்க" என்றான்.

"காதுல ஏதாச்சும் இருக்குமோடா? டாக்டர்கிட்ட காட்டிரலாமே."

"அக்கா, இதுதான் என் தொழிலே."

தொழிலாம். அந்தக் காதை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை அந்த மேதை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவைத்து, கையை மடியில் வைத்தால் ஒரு காய்ந்த திராட்சை, அழாமல் இருந்தால் இன்னொன்று கொடுத்தான். அறைந்துகொண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் மகள் கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் கை மடியை விட்டு எழவில்லை, சத்தமும் இல்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், வேலை செய்யும் மையத்தில் எல்லோருக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தன. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

காது டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "உள்ள சீழ் கோத்து ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. ஆறிடும். கேக்கறது முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. உயிர் போற வலியா இருந்திருக்குமே, குழந்தை அழவே இல்லையா?"

என் தம்பி சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அழாம இருக்கச் சொல்லிக் குடுத்துட்டோம் டாக்டர்" என்றேன்.