கொம்பு வைத்த பயம்

பயந்தாங்கொள்ளிகளை நப்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்கும் கிறீஸ் பூதம் வருகிறது என்று கரையோரம் முழுக்கக் கதை பரவிய வருடம் அவளுக்கு இருபது வயது. மருதமுனையில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு பெண்கூட வாசலில் தலை காட்டவில்லை. ஆண்கள் பொல்லும் டோர்ச்சுமாகச் சந்திக்குச் சந்தி நின்று, ஒருவரை ஒருவர் பார்த்தே பயந்துகொண்டிருந்தார்கள். நப்லா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குறட்டை விட்டாள். கொடியில் ஆடிய கறுப்பு அபாயாவைப் பூதமென்று அடித்துக் கிழித்த சந்திக் கடைக்காரரிடம் மறுநாள் போய், பூதத்துக்கு அடி பலமா என்று விசாரித்துவிட்டும் வந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கணவன் பாயிஸ் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். சீமெந்து மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குவான். இருட்டில் கொல்லைக் கக்கூசுக்குப் போவதென்றால் வழி நெடுகச் செருமிக்கொண்டே போவான். அந்தச் செருமலை நப்லா அச்சொட்டாகச் செய்து காட்டினால், சாப்பிட வந்த விருந்தாளிக்குப் புரையேறும்.

கல்முனையில் ஓர் அச்சகத்தில் அவளுக்கு வேலை. கல்யாணக் கார்ட், நோட்டீஸ், கடை விளம்பரம் எல்லாம் அவள் கைவண்ணம்தான். கை நன்றாகப் படமும் வரையும். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஓய்வுபெற்ற அதிபர் காலிதீன் சேர் ஒரு கையெழுத்துக் கோவையோடு வந்தார். பிள்ளைகள் இரவில் படுக்கப் போகும்போது வாசிக்க ஒரு படப் புத்தகம் எழுதியிருந்தார். பெயர் ‘அச்சத்தை வென்ற அன்வர்’. கதை பன்னிரண்டு பக்கம், வாழ்த்துரைகள் ஒன்பது பக்கம், ஆசிரியரைப் பற்றி ஆசிரியரே எழுதியது மூன்று பக்கம்.

கதை இதுதான். அன்வர் இருட்டுக்குப் பயப்படுகிறான். பூதம் வருகிறது. தகப்பன் லைட்டைப் போட்டு, ‘ஹஹ்ஹா’ என்று சிரித்து, மூடநம்பிக்கையின் தீமைகளை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்குகிறார். அன்வர் வெட்கித் தலைகுனிந்து தூங்கிவிடுகிறான். அந்த விளக்கத்துக்கு அன்வர் என்ன, பூதமே தூங்கியிருக்கும் என்று நப்லா நினைத்தாள். சேர் எத்தனை பிள்ளைகளைப் படுக்கவைத்திருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள். தனக்கு நான்கு பிள்ளைகள் என்றும், படுக்கவைப்பது மனைவியின் வேலை என்றும் அவர் பெருமையாகச் சொன்னார்.

“பூதத்துக்குக் கொம்பு வேணும், பல்லு வேணும். பாத்த உடனே புள்ளையள் பயப்படணும். அப்பதான் கடைசியில படிப்பினை வரும்,” என்றார்.

அவர் படியிறங்கியதும், அவர் நின்ற நிலை, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிய விதம் எல்லாவற்றையும் அச்சகத்தாருக்கு நடித்துக் காட்டிவிட்டு, வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மகள் அப்னாவுக்கு ஆறு வயது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏதோ நிற்கிறது என்று சில மாதங்களுக்கு முன் அழுதிருந்தாள். நப்லா அவளைக் கையில் பிடித்து இழுத்துப்போய்ப் பின்கதவைத் திறந்து, எங்கே, காட்டு என்று சிரித்தாள். ஒரு கிழமை அப்படிச் சிரித்ததில் பிள்ளை அந்தப் பேச்சையே விட்டுவிட்டது. பயம் தெளிந்துவிட்டதென்று நப்லா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

அன்று பென்சிலும் கையுமாக மகளைக் கேட்டாள். “தாங்கிக்குப் பக்கத்துல நிண்டது எப்பிடிப் புள்ள இருந்திச்சு? கொம்பு இருந்திச்சா?”

அப்னா கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒங்களுக்குச் சொல்ல மாட்டன். நீங்க சிரிப்பீங்க. வாப்பாக்கிட்டச் சொல்லிட்டன்.”

அதில் கோபமே இல்லை. கடை பூட்டியிருக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பாயிஸ் சாப்பிட உட்கார்ந்ததும் நப்லா விசாரித்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதற்குக் கொம்பு கிடையாது. தாங்கி உயரம் இருக்கும். எப்போதும் நனைந்திருக்கும். வாய் இல்லை. காலெல்லாம் சேறு, சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் உம்மா ஏசுவார் என்று வெளியிலேயே நிற்கிறது. இஷா தொழுகைக்குப் பிறகு அவனும் மகளும் பின்கதவைத் திறந்து அதற்கு ஸலாம் சொல்லி அனுப்பிவிட்டு வருவார்கள். பிறகு பிள்ளை படுத்துவிடுவாள்.

“நீங்களும் நம்புறீங்களா?”

“நான் நம்புறது கிடக்கட்டும். அவ தனியப் பயப்படுறா. எனக்குப் பழக்கமான பயம்தானே, கூடப் போறன்.”

பூதமும் தன்னைக் கண்டு ஒதுங்கி நிற்பது பெருமையா கேவலமா என்று நப்லாவுக்குத் தெரியவில்லை. காலிதீன் சேரின் கதையில் ஹஹ்ஹா என்று சிரிக்கும் தகப்பன் யாரென்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஊரில் எல்லோரையும் இளப்பமாகப் பார்த்துப் பழகியவள் அன்று தன்னையே அப்படிப் பார்த்தாள். மற்றவர்களைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். இந்த ஆளைப் பற்றி எல்லாமே தெரிந்திருந்தது.

நனைந்த, வாயில்லாத, சேற்றுக்கால் உருவத்தையே வரைந்து கொண்டுபோனாள்.

“இது என்ன, ஊறின சாக்கு மாதிரி? இதப் பாத்து எந்தப் புள்ள பயப்படும்?” என்றார் காலிதீன் சேர்.

“புள்ளையள்ட்டப் பயம் ஏற்கனவே இரிக்கி சேர். நீங்க புதுசாக் குடுக்கத் தேவல்ல.”

சிறுவர் உளவியலில் தான் டிப்ளோமா முடித்தவர் என்று நினைவூட்டிவிட்டு, அவர் கோவையைத் தூக்கிக்கொண்டு வேறோர் அச்சகத்துக்குப் போனார். இணையத்தில் கிடைத்த கொம்புப் பூதம் ஒன்று அட்டையில் ஏறியது.

வெளியீட்டு விழாவுக்கு நப்லா வேண்டுமென்றே போனாள். முன்வரிசையில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள். மேடையில் பத்தடி உயரப் பூதப் பதாகையின் திரை விலகியதும் ஒரு பிள்ளை வீரிட்டது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு வரிசை முழுவதும். “பயப்படக் கூடாது!” என்று காலிதீன் சேர் மைக்கில் கர்ச்சித்தார். அழுகை இரட்டித்தது. வாழ்த்துரைக்காரர் ஒருவர் பொன்னாடையால் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்தார். பின்வரிசையில் நப்லா கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு குற்றவுணர்வும் இல்லை.

சேர் வேண்டாமென்ற தன் படத்தை அப்னாவிடம் காட்டினாள். பிள்ளை நெடுநேரம் பார்த்தாள். சேறு இன்னும் மேலே வரவேண்டும் என்றாள். நப்லா அழித்து வரைந்தாள். கையும் சரியில்லை என்றாள். அதையும் வரைந்தாள். மூன்றாம் தடவை, “ஓம்,” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் பாயிஸ் சாமான் ஏற்ற அம்பாறைக்குப் போய், இஷா முடிந்தும் வரவில்லை. அப்னா பின்கதவடியில் நின்றாள். தான் வரட்டுமா என்று நப்லா கேட்டாள்.

பிள்ளை யோசித்தாள். “சிரிக்கக் கூடா.”

கதவைத் திறந்து, வெறும் தாங்கியைப் பார்த்து நப்லா வாய்க்குள் ஸலாம் சொன்னாள்.

“சத்தமாச் சொல்லுங்க. அதுக்குக் காது கேக்குறது குறைவு.”

நப்லா உரக்கச் சொன்னாள். மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு சுஹறா ராத்தா, “வஅலைக்கும் ஸலாம். என்ன புள்ள விசயம்?” என்றாள்.

“ஒங்களுக்கில்ல ராத்தா. இஞ்ச ஒராள் நிக்காரு, அவருக்கு.”

மதிலுக்கு அப்பால் அவசரமாக ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அப்னா உம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். நப்லா கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றாள்.