மேற்குப் பாதிக்கு அடித்த வேப்பங்கொட்டைச் சாறு

கழனியின் கிழக்குப் பாதியில் பரவாமல் நின்ற நோய் மேற்குப் பாதியில் ஏன் நிற்கவில்லை? அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த போகத்துக்கு நாற்றும் விட்டாயிற்று. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் கழனி அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் அதில் நெல் வைக்கிறோம். என் மகள் இப்போதுதான் குழைந்த சோறு சாப்பிடப் பழகியிருக்கிறாள். அவள் வாய்க்குப் போகிற நெல்லுக்கு, கதிர் வருகிற நேரத்தில் கடை மருந்து அடிக்க எனக்கு மனமில்லை.

பயிர் பொதி கட்டி, கதிர் வெளிவராமல் உள்ளே திரண்டிருந்தபோது, அதை மூடியிருக்கும் மேல் உறையில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. இலையுறை அழுகல் நோய். விட்டால் கதிர் பாதியிலேயே சிக்கிப் பதராகிவிடும். கணவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"கடைக்குப் போகாதீங்க. இந்தத் தடவை வேப்பங்கொட்டைச் சாறு அடிச்சுப் பாக்கறேன்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

கொட்டையின் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். வீட்டில் பெரிய டிரம் ஒன்றுதான் உண்டு. பௌர்ணமிக்குப் பாதையோரம் நாங்கள் போடும் கடையில் மோர் கலக்குகிற டிரம். காலையில் அதைத் திறந்து பார்த்த கொழுந்தன் முகம் சுளித்தார்.

"இன்னா அண்ணி இது, கிரிவலம் வர்றவங்களுக்குக் கசப்பு மோரா?"

"உங்களுக்குத்தான் முதல் டம்ளர். கழுவித் தர்றேன், போங்க."

சாற்றைக் குடங்களில் வடிகட்டிவிட்டு, டிரம்மைக் கழுவித்தான் கொடுத்தேன். சாற்றில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் அடித்தேன். கிழக்குப் பாதி முடிவதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் பௌர்ணமி. மதியத்திலிருந்தே பாதையில் கூட்டம். வீட்டில் எல்லோரும் கடையில் நின்றோம். மீதிச் சாறு குடத்தோடு மோட்டார் கொட்டாயில் மூடிக் கிடந்தது.

கூட்டம் கலைந்த காலையில் மூடியைத் திறந்தேன். புளித்த வாடை அடித்தது. புதிதாகச் செய்யக் கொட்டை இல்லை. கொட்டிவிடலாமா, அடிக்கலாமா என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா கெடக்கறதுக்கு அடிச்சுடு" என்றார் கணவர்.

அடித்தேன்.

கிழக்கில் திட்டு பரவவில்லை. கதிர் முழுதாக வெளியே வந்தது. மேற்கில் பல கதிர்கள் உறைக்குள்ளேயே கறுத்தன. புளித்த சாறுதான் காரணமா? தாமதமாக அடித்ததா? மேற்கு வரப்பில் புளியமரம் நிற்கிறது. அதன் நிழலில் பனி காய நேரமாகும், அதுவா? ஒருவேளை சாறு அடிக்காவிட்டாலும் கிழக்கில் நோய் நின்றிருக்குமோ என்றுகூட நினைக்கிறேன். முதல் சோற்றை நான் தின்று பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு ஊட்டினேன். கசக்கவில்லை.

"மேக்கால பதர் ஜாஸ்தி. அடுத்த தடவ அந்தப் பாதிக்கு மருந்துதான்" என்கிறார் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் களத்தில் இரண்டு பாதியும் ஒரே குவியல்தான், உலையிலும் ஒன்றுதான். இந்த ஒரு போகம் மட்டும் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆடியில் விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துவிட்டேன். இந்த முறையும் நானேதான் அடிக்கப்போகிறேன்.

நாட்காட்டியைப் பார்த்தால், பயிர் பொதி கட்டுகிற சமயத்தில் மறுபடி பௌர்ணமி வருகிறது. நெல்லுக்கு வேப்பங்கொட்டைச் சாறு அடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஊறிய சாற்றை ஒரு நாள் வைத்திருக்கலாமா, கூடாதா? நிழல் விழும் பக்கத்துக்கு முதலில் அடிப்பதுதான் சரியா? புளியங்கிளையை வெட்டினால் போதுமா? பயிர் பொதி கட்டுவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.