எல்லாரும் ஏறியாச்சா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு சமாச்சாரத்தில் எனக்கு ஒரு காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. திருத்தணி மலையடிவாரத்தில் வேன் ஓட்டுகிறவன் நான். காவடி எடுக்க வருகிறவர்கள், மொட்டை போட வருகிறவர்கள், பாதி வழியில் சாமி வந்து ஆடுகிறவர்கள் என்று எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். கனகம்மாசத்திரம் தாண்டி ராத்திரியில் ஒரு வெள்ளைப் புடவைக்காரி கை காட்டினாள் என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கதை விடும்போதெல்லாம், ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே, வண்டி காலியாகத்தானே வந்தாய் என்று கேட்டுச் சிரித்தவன். வேன் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள், அந்தப் பழத்தில் ஊறுகாயாவது போடலாம் என்றேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி கஸ்தூரி போன வருஷம் இறந்துபோனாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நகரிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண், அத்தானை அவர்கள் சொல்கிற மாதிரி என்னைக் கடைசிவரை பாவா என்றுதான் கூப்பிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு தடவை மலைப் படியில் விழுந்ததில் அவளுக்கு இடது முட்டி போய்விட்டது, அதிலிருந்து வலது காலை எடுத்து வைத்து இடது காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பாள். இன்னொன்று, அவளுக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். சரவணப் பொய்கையில்கூடக் கடைசிப் படிக்கு இறங்க மாட்டாள், என்னைச் சொம்பில் மொண்டுவரச் சொல்லி மேலே நின்றபடியே தலையில் தெளித்துக்கொள்வாள்.

எனக்கோ தூண்டில் பைத்தியம். முருகன் ஊரில் இருந்துகொண்டு, செவ்வாய் பார்த்து கிருத்திகை பார்த்து, அது எதுவும் இல்லாத நாளில் சவாரியும் இல்லையென்றால் பைக்கை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ரவி என்று ஒருவன் இருக்கிறான். மீன்பிடிக் குடும்பம்தான், இப்போது ஃபைபர் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, என்னைப் போல ராடும் ரீலுமாக வருகிறவர்களை ஏரிக்குள் கூட்டிப்போய் மீன் நிற்கிற இடத்தைக் காட்டுகிறான். கடலோரம் முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீர், வெயில் ஏறினால் வெந்நீர் போலக் காலைச் சுடும். ஆனால் கொடுவா மீன் கிடைத்தால் அதெல்லாம் ஒரு விஷயமா.

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வாசலில் நின்று, வர்றியா கஸ்தூரி என்று கேட்பேன். சும்மா வாய்வார்த்தைக்கு இல்லை, நிஜமாகவேதான் கேட்பேன். தண்ணியப் பாத்தாலே தலைய சுத்துது, நீ போய்ட்டு வா பாவா என்பாள். அவள் போனபிறகு வெகுநாள் நான் தூண்டிலைத் தொடவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலை இனிமேல் தாங்காது என்று ராடை எடுத்தேன். வாசலில் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், வர்றியா என்று உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் உறைத்தது. யாராவது பார்த்தார்களா என்று தெருவைப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பைக் கனத்தது, பின்சீட்டில் யாரோ உட்கார்ந்தது தெரிந்தது என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். திருவள்ளூர், பொன்னேரி, பழவேற்காடு, எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

ரவி என்னைப் பார்த்துத் துக்கம் விசாரித்தான். படகைத் தள்ளினான். ஏரிக்கு நடுவில், ஓர் ஆழமான ஓடைக்கு அந்தப்பக்கம், ஒரு மணல்மேடு இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது முழுகிப்போகும், வற்றும்போது மெல்ல வெளியே வரும். வற்றுகிற நேரம் பார்த்து அதன்மேல் இறக்கிவிடுவான், நாம் நடந்துபோய் ஓடையின் வளைவில் நின்று தூண்டில் போட வேண்டும். நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கும், மிதித்தால் வால் முள்ளால் போட்டுவிடும். அதனால் ரெண்டு காலையும் தூக்காமல் தரையிலேயே தேய்த்துத் தேய்த்துப் போக வேண்டும், சத்தம் கேட்டு அது விலகிவிடும். எனக்குக் கிழிந்த கான்வாஸ் ஷூ ஒன்றை ரவியே கொடுப்பான்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு, அவர்கள் ஆட்கள் எல்லாருக்குமே உண்டாம். மேட்டிலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு, ஊன்றியிருக்கிற மூங்கில் கழியைப் பிடுங்குவதற்கு முன்னால், எல்லாரும் ஏறியாச்சா என்று சத்தமாகக் கேட்பான். ஒரே ஒரு ஆள்தான் வந்திருந்தாலும் கேட்பான். ஏறியாச்சு என்று வாயால் சொன்னால்தான் கழியை எடுப்பான். யாரையோ எப்போதோ விட்டுவிட்டு வந்ததால் வந்த பழக்கம் என்றான். எனக்கு அது பிடித்திருந்தது, வேனில் நானும் அதைத்தானே தினமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் இருக்கும்போது இறக்கிவிட்டான். இரைக்கு இன்னும் உயிர் இறால் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று படகோடு தூரமாகப் போய்விட்டான். சுற்றி ஆள் அரவம் இல்லை. வெகுதூரத்தில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றன, அவ்வளவுதான். கால் தேய்த்துத் தேய்த்துப் போய் வளைவில் நின்று தூண்டிலைப் போட்டேன்.

போட்டு நின்ற கொஞ்ச நேரத்தில் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். வாய்விட்டுத்தான். கிளட்ச் தேய்ந்துபோனது, எதிர்வீட்டில் கல்யாணம் நிச்சயமானது, ரேஷன் கடையில் சண்டை என்று எதையெதையோ. வீட்டில் அத்தனை மாதமாக ஒரு வார்த்தை பேசாதவன் அங்கே நின்று பேசித் தள்ளினேன். பதில் வரவில்லை, பதில் வராதது உறுத்தவும் இல்லை. அவள் போனபிறகு முதல்முதலாக எனக்கு மனசு லேசாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல கொடுவா கடித்தது. இழுத்து, விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்துக் கரை சேர்த்து, செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கி, பாத்தியாடி என்று திரும்பிக் காட்டினேன்.

யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்குள் தண்ணீர் நன்றாக வற்றி மேடு வெளியே வந்திருந்தது, ஈர மணலில் நான் வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. ரெண்டு கால் தேய்ந்த ரெண்டு கோடு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம் வந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெறுங்கால். வலது கால் எடுத்து வைத்த அச்சு, விரலெல்லாம் தெரிந்தது. இடது கால் அச்சாக இல்லை, இழுத்துக்கொண்டு வந்த கோடாக இருந்தது. அச்சு, கோடு, அச்சு, கோடு. படகிலிருந்து நான் இறங்கிய இடத்தில் ஆரம்பித்து, நான் நின்ற இடத்தில் நின்று, நான் வளைந்த இடத்தில் வளைந்து, என் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் மணல் ஒருபக்கமாகக் குழிந்திருந்தது. முட்டி வலி உள்ளவர்கள் கையை ஊன்றி உட்கார்ந்தால் இருக்குமே, அந்த மாதிரி.

பெண்டாட்டிதானே, பயம் எதற்கு என்று இப்போது கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷம் அதெல்லாம் தோன்றவில்லை. மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், திருக்கையாவது ஒன்றாவது. இறங்கிய இடத்துக்கு வந்தபோது தண்ணீர் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது, ரவி கழியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். படகுக்குள் விழுந்தேன். அவன் மேட்டையே பார்த்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு, ஏறியாச்சு. எடுப்பா" என்றேன்.

வேன் ஓட்டுகிற வாய், யோசிக்காமல் வந்துவிட்டது. அவன் ஒரு கணம் நின்று, பிறகு கழியைப் பிடுங்கினான். ஓடையைத் தாண்டி ஆழத்துக்கு வந்து எஞ்சின் போடுவதற்கு முன்னால்தான் பேசினான்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. ரெண்டு பேர் நடந்துகினு போன தடம் இருந்துச்சே. இன்னொருத்தர் எங்கன்னு கேக்கலாம்னுதான் பாத்துகினு நின்னேன். நீங்க ஏறியாச்சுன்னுட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். வெயிலில் மேடு வெறுமையாகக் கிடந்தது, ஓரங்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

திருத்தணிக்கு வந்து வீட்டைத் திறந்தேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் செத்த நாளிலிருந்து நான் தனியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அன்றைக்குக் கதவைத் திறந்தபோதுதான் வீடு காலியாக இருந்தது. அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுகூட யாரோ உள்ளே வேலையாக இருக்கிற வீடாகத்தான் அது இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அடுப்படியில் போய் நின்றேன், எதிரொலித்தது. நான் ஆம்பிளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கிருத்திகையா என்றுகூடப் பார்க்காமல் ஓடினேன். ரவி அதே மேட்டில் இறக்கினான். தண்ணீர் ஏறி இறங்கியதில் பழைய தடம் எதுவும் இல்லை. மேடு முழுக்க நடந்தேன். வளைவில் நின்று, வா கஸ்தூரி, போலாம், நான்தான் புத்தி கெட்டுச் சொல்லிட்டேன் என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் மணலில் என் ரெண்டு கோடுதான் இருந்தது. படகில் ஏறியதும் ரவி கேட்டான், எல்லாரும் ஏறியாச்சா என்று. எனக்கு வாய் வரவில்லை. அவனும் கழியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். தண்ணீர் படகைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தபிறகு, பதில் வாங்காமலே பிடுங்கினான். அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகும் பலமுறை போய்விட்டேன். ராடு எடுத்துப் போவதில்லை. நான் போகிற நாளில் என் தடம் மட்டும்தான் இருக்கும். ஆனால் போன மாதம் ஒரு மத்தியானம் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ரவி போன் செய்தான். அவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன் இல்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணா, ரெண்டு நாளா நம்ம மேட்டுல யாரையுமே எறக்கல. இன்னிக்கு வத்துனப்ப அந்தப் பக்கமா போனேன். தடம் இருக்குதுண்ணா. படகு நிக்கிற ஓரம் வரிக்கும் வந்து, அங்கயே நின்னு, மறுபடி நடு மேட்டுக்குப் போயிருக்குது. அப்பிடியே போய்ப் போய் வந்துருக்குது."

அவ்வளவுதான் சொன்னான். நான் வேனில் இருந்தவர்களை இறக்கிவிட்டுவிட்டு அன்றே போனேன், போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தால் மேடு இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. தினமும் அது அப்படித்தான் முழுகுகிறது. முழுகும்போது அந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று ரவிக்குத் தெரியும். நான் இன்னும் அவனைக் கேட்கவில்லை.